நாளை மறைத்தால் நாடு மறக்குமோ?

நாள்காட்டித் தாள் நல்ல நேரம் பார்க்கவும் இராகு காலம் ஒதுக்கவுமே பயன்படுவது என்று எண்ணுவோர் நம்மிடையே ஏராளம். ஆளவந்தோர் அப்படி எண்ணுவதில்லை. ஒரு நாளுக்குள்ள வலிவை அவர்கள் அறிவர், அறிந்ததால்தான் அஞ்சுகின்றனர்!

அரியலூரை அடுத்த கீழப்பழுவூர்க் கோயிற் கல்வெட்டுகளில் காலத்தை அளக்கும் கோல் எது? சோழ மன்னனின் ஆட்சியாண்டு. அரசன் முடிசூடியதிலிருந்தே கணக்கு. குடிமகனுக்கென்று ஒரு நாள் இல்லை. அதே கீழப்பழுவூரின் சின்னச்சாமி, 1964 சனவரி 25 அன்று, திருச்சி இரயில் நிலையத்தில், இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்கிரையானார். முடிசூடாத ஒருவன் பெயரால் தமிழகம் ஒரு நாளைக் குறிக்கத் தொடங்கியது!

அந்த நாளைப் பஞ்சாங்க முறைப்படி எழுதிப் பார்ப்போம்: சோபகிருது ஆண்டு, தை மாதம். எந்தச் சோபகிருது? அறுபதாண்டுக்கொருமுறை அதே பெயர் திரும்புகிறதே! 2024 சனவரியின் தையும் சோபகிருதுதான். தியாகம் நடந்தது எப்போது என்று பேரன் கேட்டால், பஞ்சாங்கம் பதில் கூறாது. திருவள்ளுவர் ஆண்டு 1995 என்று எழுதுவோம், ஐயம் அகலும். ஆங்கில ஆண்டோடு 31 கூட்டும் இந்த எளிய முறையைத் தமிழக அரசு 1971இல் நாட்குறிப்பிலும் 1972இல் அரசிதழிலும் ஏற்றது வெறும் பெருமைக்காக அன்று. வரலாறு வழி தவறாதிருக்க!

மறதி பஞ்சாங்கத்தால் மட்டுமா வருகிறது? ஆணையாலும் வருவிக்கப் பார்க்கின்றனர். 1965 சனவரி 26ஐத் துக்க நாள் என்றது கழகம். முதல் நாளே அண்ணாவைக் கைது செய்தது அன்றைய அரசு. நெருக்கடி நிலைக் காலத்தில் கைதானோர் பெயரை அச்சிடத் தணிக்கை தடுத்தது. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள், வந்தது. மலர்வளையம் வைக்க வர இயலாதோர் என்று 'முரசொலி' ஒரு பட்டியல் வெளியிட்டது. சிறைப்பட்டோர் எவரென்று நாடு அறிந்தது! சொல்லை அடித்த கோலுக்கு நாள் அகப்படவில்லை.

சீனத்தில் 1989 சூன் 4 அன்று தியானன்மென் சதுக்கத்தைச் சூழ்ந்து நடந்த படுகொலையைப் பேசத் தடை. அங்கே அந்நாளுக்குப் பெயர் 'ஆறு நான்கு'. மாதம் முன்னே, நாள் பின்னே. நாம் 6-4 என்று எழுதினால் அது ஏப்ரல் 6! அவர்களோ அந்த எண்ணையே தடுத்தனர். மக்கள் 'மே 35' என்று எழுதினர். 2012 சூன் 4 அன்று ஷாங்காய்ப் பங்குச் சந்தைக் குறியீடு 64.89 புள்ளி சரிந்தது. அந்தக் குறியீட்டைத் தேடுவதையும் தடுத்தனர்! படைபலம் மிக்க அரசு, பள்ளிச் சிறுவன் எழுதும் எண்ணுக்கு நடுங்கியது.

நம் வீட்டையும் நாம் நோக்கவேண்டும். தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என 2008இல் சட்டம் வந்தது; 2011இல் வந்த ஆட்சி அதை நீக்கியது. அரியலூர் மாவட்டமும் 2001இல் பிறந்து, 2002இல் பெரம்பலூரோடு இணைந்து, 2007இல் மீண்டும் பிரிந்தது. ஆணையால் வந்ததை ஆணை மாற்றும். தடுக்கப்பட்ட சூன் 4 வாழ்கிறது. சட்டம் தந்த தை முதல் நாள் சட்டத்தோடு சாய்ந்தது. சட்டம் தவறென்பதல்ல நம் வாதம். அதற்குமுன் வீடுதோறும் விளக்கம் சென்றிருக்க வேண்டும் என்பதே!

எனவே தோழர்களே, பெரம்பலூரிலும் அரியலூரிலும் சுவரொட்டி எழுதும்போது 25-1 என்று சுருக்காதீர். நாளை எண்ணாலும், மாதத்தைப் பெயராலும், ஆண்டை நான்கு இலக்கத்தாலும் எழுதுவீர். அடியில் ஒரு வரியில், அன்று நடந்தது என்ன என்பதையும் எழுதுவீர். மாலை மறுநாள் வாடும். காரணம் தெரிந்த சிறுவன் மறவான்.