லாந்தர் பிடித்தவனும் வெளிச்சமும்

ஓவியர் கரவாஜியோவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள் இப்போதெல்லாம் சினிமாவில் போய்த்தான் நிற்கிறார்கள். இன்று பிறந்திருந்தால் அவர் ஒளிப்பதிவாளராகியிருப்பாராம். சாட்சிக்கும் பஞ்சமில்லை. மார்ட்டின் ஸ்கோர்செஸியும் ஒளிப்பதிவாளர் வித்தோரியோ ஸ்தொராரோவும் அவரிடம் பட்ட கடனை வெளிப்படையாகவே சொன்னவர்கள். கடன் வாங்கியவர்களை வைத்துக் கொடுத்தவரை எடைபோடுவதில்தான் கோளாறு. பரோக் ஓவியத்தின் வெளிச்சத்தை வெறும் ‘எஃபெக்ட்’ ஆக்கிவிட்டால், பதினேழாம் நூற்றாண்டின் இரண்டாந்தரச் சரக்குதான் மேலே மிதக்கும்.

இருட்டில் விவிலியக் காட்சி வரைவது 1600இல் பிறந்த வழக்கமல்ல. அதற்கு முந்தைய ஓவியர்களான கேர்ட்கென், கொரெஜ்ஜோ ஆகியோரின் கிறிஸ்து பிறப்பு ஓவியங்களில் குழந்தையின் உடம்பிலிருந்தே ஒளி புறப்படுகிறது. ரஃபாயேல் வாடிகன் சுவரில் பேதுருவைச் சிறைமீட்டபோது தேவதூதரே விளக்காகிவிட்டார். ஒளி என்றால் அற்புதம், அவ்வளவுதான். பிரெஷாக்காரரான சவோல்தோ 1530களில் மத்தேயுவின் மேஜைமேல் ஒரு சாதாரண விளக்கை வைத்தது பெரிய துணிச்சல்.

அதே மத்தேயுவை 1599–1600இல் கரவாஜியோ எடுத்துக்கொண்டார். ரோம் நகரின் சான் லூயிஜி தே ஃபிரான்செஸி தேவாலயத்தில், கொந்தரெல்லி சிற்றாலயத்தின் இடதுபக்கச் சுவரில் இருக்கிறது ‘மத்தேயுவின் அழைப்பு’. மூன்று மீட்டருக்கும் அதிகமான உயரம். ஆயக்காரர்கள் காசெண்ணிக்கொண்டிருக்கும் மேஜையை நோக்கி இயேசு கை நீட்டுகிறார். சினிமா ஒளிப்பதிவாளராக இருந்தால் முதலில் அந்த முகத்துக்குத்தான் விளக்குப் போடுவார். இங்கே பேதுருவின் முதுகு இயேசுவின் உடம்பைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. பேதுரு பின்னால் சேர்க்கப்பட்டவர் என்று எக்ஸ்ரே சோதனை காட்டியது. நாயகனை மறைப்பது ஓவியர் யோசித்துச் செய்த காரியம் என்று அர்த்தம். படத்தில் வரைந்திருக்கும் ஜன்னல் வழியே ஒளி வரவில்லை. அது வலப்புறமிருந்து, இயேசுவின் தலைக்கு மேலாகப் பாய்கிறது. பலிபீடத்துக்கு மேலுள்ள நிஜ ஜன்னலும் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

வெளிச்சம் மேஜைக்காரர்கள்மேல் விழுகிறது. சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள். தாடிக்காரர் விரலை நீட்டுகிறார். தன்னையா, பக்கத்தில் இருப்பவனையா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இடது ஓரத்தில் ஓர் இளைஞன் குனிந்து காசை விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறான். வெளிச்சம் வந்தும் நிமிராத அந்தத் தலையைவிட உக்கிரமான உணர்ச்சி இந்த ஓவியத்தில் வேறெங்கும் இல்லை.

1602இல் வரைந்த ‘கிறிஸ்து கைதாகிறார்’ இன்னும் சூட்சுமமானது. யூதாஸ் முத்தமிடுகிறான், வீரர்களின் இரும்புக்கவசம் பளபளக்கிறது. வலது ஓரத்தில் ஒருவன் லாந்தரை உயர்த்தி எட்டிப்பார்க்கிறான். அது கரவாஜியோவின் சொந்த முகம். ஆனால் அந்த லாந்தர் கிறிஸ்துவின் முகத்துக்கு வெளிச்சம் தரவில்லை. ஒளி இடப்பக்கம் மேலிருந்து வருகிறது. விளக்குப் பிடிப்பவனுக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமில்லை! இந்தப் படம் டப்ளினில் இயேசு சபைத் துறவியர் இல்லத்துச் சாப்பாட்டு அறையில் பல ஆண்டுகள் தொங்கியது. 1990இல்தான் அடையாளம் தெரிந்தது. அதுவரை அதன்மேல் இருந்த பெயர் ஹொந்தோர்ஸ்ட்.

இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. இரவுக் காட்சிகளால் ‘கெரார்தோ தெல்லே நொத்தி’ என்று இத்தாலியர்கள் கொண்டாடிய ஹொந்தோர்ஸ்ட் கைசுத்தமான தொழிலாளி. லண்டனில் இருக்கும் ‘தலைமைக் குருவின் முன் கிறிஸ்து’ ஓவியத்தில் நடுவே மெழுகுவர்த்தி, சுற்றிலும் அதன் கணக்குப்படி ஒளிரும் முகங்கள். கணக்குச் சரி. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று தெரிந்தபின் அங்கே பார்க்க அதிகமில்லை. சினிமாவுக்கு முன்னோடி வேண்டுமென்றால் இவரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

அர்த்தெமீசியா ஜென்டிலெஸ்கிக்கு வேறு விதமான அநியாயம். அவருக்கு நேர்ந்த பாலியல் வன்முறை குறித்த 1612 வழக்கை வைத்தே, எதிரித் தளபதியின் தலையை அறுக்கும் யூதித்தை அவர் வரைந்த ஓவியங்களைப் படிக்கிறார்கள். நேப்பிள்ஸிலும் ஃபுளோரன்ஸிலும் உள்ள, ரத்தம் பீறிடும் இரண்டுதான் எல்லா அட்டைப்படங்களிலும். டெட்ராய்டில் இருக்கும் யூதித்து மேலானவள். கொலை முடிந்துவிட்டது. ஏதோ சத்தம் கேட்டு மெழுகுவர்த்திக்கு முன்னால் கையை உயர்த்துகிறாள். அந்தக் கையின் நிழல் அவள் முகத்திலேயே விழுகிறது. பயத்தை இத்தனை சிக்கனமாகச் சொன்னவர்கள் குறைவு. 1636இல் சிம்சோனின் கண்ணைத் தோண்டவைத்து அலறவிட்ட ரெம்பிராண்ட்கூட, கடைசிக் காலத்தில் ஊதாரி மகனை நமக்கு முதுகுகாட்டி மண்டியிட வைத்தார்.

இந்த அடக்கத்தின் உச்சம் லொரெய்ன் நாட்டு ஜார்ஜ் த லா தூர். முப்பதாண்டுப் போர் அவர் ஊரைத் தின்றது. 1638இல் லுனேவில் எரிந்தது. சில ஆண்டுகளில் அவர் வரைந்த ‘தச்சர் யோசேப்பு’ லூவ்ரில் இருக்கிறது. கிழவர் குனிந்து துறப்பணத்தால் மரத்தைத் துளைக்கிறார். எதிரே சிறுவன் இயேசு மெழுகுவர்த்தி பிடித்திருக்கிறான். சுடர் அணையாமல் மறைக்கும் விரல்களுக்குள் ஒளி புகுந்து சதை சிவக்கிறது, நகக்கண் தெரிகிறது. யாரும் அழவில்லை, கத்தவில்லை. இப்படிப்பட்டவரை உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறந்துகிடந்தது. 1915இல் கலை வரலாற்றாளர் ஹெர்மன் ஃபோஸ் எழுதிய பிறகுதான் மற்றவர்கள் பெயரில் கிடந்த அவர் படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

ரோமுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சான் லூயிஜியில் காசு போட்டால் எரியும் விளக்கு ஒன்று உண்டு. சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடும். அணைந்ததும் அடுத்த காசைத் தேடாமல், ஜன்னல் தரும் வெளிச்சத்தில் அந்த ஓரத்து இளைஞனைக் கொஞ்சம் பாருங்கள்.