அகழியில் சிவந்த மலர்களும் அந்திக் கொம்பும்

முதல் உலகப் போர் தொடங்கி நூறு ஆண்டு நிறைந்த 2014-இல், லண்டன் கோபுரத்தின் வறண்ட அகழி செந்நிறமானது. பீங்கானில் கையால் செய்த பாப்பி மலர்கள் அங்கே நடப்பட்டன. மாண்ட பிரிட்டிஷ், காலனிப் படைவீரர் ஒருவருக்கு ஒரு மலர் என்பது கணக்கு, மொத்தம் 8,88,246. பீங்கான் கலைஞர் பால் கம்மின்ஸும் மேடை வடிவமைப்பாளர் டாம் பைப்பரும் உருவாக்கிய அந்த நிறுவல் படைப்பின் பெயர் ‘பிளட் ஸ்வெப்ட் லேண்ட்ஸ் அண்ட் சீஸ் ஆஃப் ரெட்’. போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று, 13 வயது மாணவர் படைச் சிறுவன் கடைசி மலரை நட்டான். பீரங்கி முழங்கியது, கூட்டம் இரண்டு நிமிடம் மௌனம் காத்தது, மாண்டவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டன, பியூகிள் கொம்பில் ‘லாஸ்ட் போஸ்ட்’ ஒலித்தது. பலர் கண்ணீர் விட்டனர். மறுநாளே மலர்களைப் பிடுங்கும் வேலை தொடங்கிவிட்டது.

பொதுவெளிப் படைப்பொன்றை நாள் குறித்து, நேரடி இசையோடு முடித்துவைக்கும் வழக்கத்தை எடைபோட இது மிகப் பொருத்தமான சான்று. அந்த வழக்கத்தின் வலிமை, குறை இரண்டையும் இதில் தெளிவாகக் காணலாம்.

முதலில் வலிமை. ஜூலை முதல் நவம்பர் வரை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் மலர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நட்டார்கள். ஆகஸ்டில் வந்தவர் பார்த்த அகழி வேறு, அக்டோபரில் வந்தவர் பார்த்தது வேறு. கடைசி மலர் ஊன்றிய கணத்தில்தான் படைப்பு நிறைவடைந்தது. அதே கணத்தில் அதன் முடிவும் தொடங்கியது. நிறைவும் பிரிவும் இப்படி ஒன்றாக நேர்ந்ததால், நிறைவு விழா படைப்புக்கு வெளியே நடந்த சடங்காக நிற்கவில்லை. படைப்பின் கடைசிப் பகுதியாகவே ஆனது. காட்சியை நீட்டிக்கச் சொல்லி அன்றைய லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் உட்படப் பலர் கேட்டனர். நீட்டித்திருந்தால் இந்த அமைப்பே குலைந்திருக்கும்.

இசைத் தேர்வும் நுட்பமானது. ‘லாஸ்ட் போஸ்ட்’ முதலில் அஞ்சலிப் பாட்டாக இருந்ததில்லை. காவல் சோதனை முடிந்தது, முகாம் இரவுக்கு அடங்கியது என்று பிரிட்டிஷ் ராணுவம் அறிவித்த அன்றாட அழைப்பு அது. பிறகுதான் வீரர்களின் அடக்கத்துக்கும் நினைவேந்தலுக்கும் உரியதானது. பியூகிளில் வால்வு கிடையாது. உதட்டையும் மூச்சையும் மட்டும் நம்பிச் சில சுரங்களை எழுப்ப வேண்டும். ஒரு சுரம் பிசகினால் மறைக்க வழியில்லை. லட்சக்கணக்கான மலர்களுக்கு எதிரே தனி மனிதர் ஒருவரின் மூச்சு. ஒலிப்பதிவை ஓட்டியிருந்தால் அந்த எதிர்நிலை கிடைத்திருக்காது.

இதைவிட ஆழமானது அதற்கு முன்னர் நடந்த பெயர் வாசிப்பு. நிறைவு நாளில் மட்டுமின்றி, காட்சி நடந்த மாதங்களில் அந்திதோறும் மாண்ட 180 பேரின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. அதன் பின்பே கொம்பு ஒலித்தது. தங்கள் குடும்பத்தில் போரில் இறந்தவரின் பெயரைப் பொதுமக்களும் அனுப்பலாம். தூரத்திலிருந்து ஒரே சிவப்புப் பரப்பாகத் தெரிந்த கூட்டத்திலிருந்து தனி ஆட்களை மீட்டது இந்த வாசிப்புதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நாளுக்கு 180 பெயர் என்றால், ஆகஸ்ட் தொடக்கம் முதல் நவம்பர் 11 வரை எல்லா நாளும் வாசித்தாலும் ஏறத்தாழ 18,000 பெயர்கள்தான் வரும். நடப்பட்ட மலர்களில் இது நூற்றுக்கு இரண்டு. எல்லாப் பெயர்களையும் அதே வேகத்தில் வாசிக்க 13 ஆண்டுகளுக்கு மேலாகும். குறித்த நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் உணர்ச்சியைக் கூர்மையாக்கியது. நினைவின் அளவைச் சுருக்கியதும் அதே கட்டாயம்தான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கார்டியன் இதழின் கலை விமர்சகர் ஜோனதன் ஜோன்ஸ், இந்தப் படைப்பு போரை அழகாக்கிவிடுகிறது, தன் நாட்டாரின் சாவை மட்டுமே பார்க்கிறது என்று 2014 அக்டோபரில் கடுமையாக எழுதினார். அகழியில் முள்வேலியும் எலும்பும் நிரப்பியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்த மாற்று யோசனை மிகை. அங்கே வந்த லட்சக்கணக்கானோரின் துக்கத்தைப் போலி என்று ஒதுக்கவும் முடியாது. ஆயினும் அவர் சுட்டிய எல்லை மெய்யானது. அதே போரில் ஏறத்தாழ 20 லட்சம் ஜெர்மானிய வீரர்களும் 13 லட்சத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சு வீரர்களும் மாண்டார்கள். அகழியில் அவர்களுக்கு ஒரு மலர்கூட இல்லை.

இந்த எல்லையை இசை மேலும் இறுக்கியது. ராணுவத்தின் சொந்த அழைப்பு, அந்த வீரர்களைப் போருக்கு அனுப்பிய அதே அமைப்பின் குரல். அது ஒலிக்கும்போது எழுந்து நிற்கத் தோன்றும். இவர்களை ஏன் சாகவிட்டார்கள் என்று கேட்கத் தோன்றாது. ஒரு நிமிடத்துக்குச் சற்றே மேற்பட்ட அந்த ஓசை கேட்பவர் அனைவரையும் ஒரே உணர்வில் கட்டிவிடுகிறது; கோபத்துக்கோ மறுப்புக்கோ அங்கே இடமில்லை. நேரடி இசையோடு முடியும் எந்தப் பொதுக் காட்சிக்கும் உள்ள ஆபத்து இது. சிந்தனை முடிவதற்குள் உணர்ச்சி தீர்ப்பை எழுதிவிடுகிறது.

நான்கு ஆண்டுக்குப் பிறகு, 2018 நவம்பர் 4 முதல் 11 வரை, அதே அகழியில் டாம் பைப்பர் மீண்டும் ஒரு காட்சி அமைத்தார். இம்முறை அந்திதோறும் சுமார் 10,000 தீபங்கள். போர்முனையில் மருத்துவமனை நடத்திய மேரி போர்டனின் கவிதை வரிகளை வைத்து மீரா கேலிக்ஸ் ஒலியமைப்பு செய்திருந்தார். ஒரு நாட்டின் சாவுக் கணக்கை அது தூக்கிப்பிடிக்கவில்லை. காயம்பட்டவர்களைத் தொட்டு மருந்திட்ட ஒரு பெண்ணின் சொற்கள் மையத்துக்கு வந்தன. முந்தைய படைப்பின் குறுகிய எல்லைக்கு அது நல்ல பதில். ஆனால் நாளுக்கு 180 பேரைப் பெயர் சொல்லி அழைத்த நெருக்கம் அதில் இல்லை. அடுத்து இப்படியொரு காட்சியை அமைப்பவர்கள் அந்தப் பெயர் வாசிப்பையும் நேரடிக் கொம்பையும் கைவிட வேண்டியதில்லை. வாசிக்கும் பட்டியலில் எதிரணியின் பெயர்களையும், கொம்புக்கு அருகே ராணுவத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒரு குரலையும் சேர்க்க வேண்டும்.