அயோத்திதாசரின் உரைநடையும் உரைமரபும்

எழுதுவோர் விரும்பித் தெரிந்துகொள்ளும் இலக்கிய வகை அவர்தம் நடையை உருவாக்கும் என்பதற்கு அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தக்க சான்றாவார். நாவலும் கட்டுரையும் வளர்ந்துவந்த காலத்தில் அவர் உரையையும் வினாவிடையையுமே மிகுதியும் கையாண்டார். 1907இல் அவர் தொடங்கிய இதழிலும், பின்னர்க் கோலார் தங்கவயலில் சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்ட அவர்தம் நூல்களிலும் இதனைக் காணலாம்.

ஐம்பொறிகளை வென்ற புத்தரே 'ஐந்திரர்'. அச்சொல்லே 'இந்திரர்' என்றாயிற்று. அவர் பெயரால் அமைந்ததே இந்திய நாடு என்பது அவர் வாதம். வரலாற்று மொழியியல் இச்சொற்பிறப்பை ஏற்காது. ஆயினும் சொல்லைப் பிரித்துப் பொருள் கூறும் இம்முறை உரையாசிரியர் வழிவந்தது. வாதம் நடப்பதே அதன்மேல்தான். மொழிபெயர்ப்பாளர் அதனை அடிக்குறிப்பில் ஒதுக்கின், எஞ்சுவது கருத்துச் சுருக்கமேயன்றி அயோத்திதாசரின் நடையன்று.