வாசல்படி நேரம்

மல்லாங்கிணறில் காலை நேரத்துப் பால்வாடி அழுகையைக் கேட்டிருக்கிறீர்களா? அம்மாவுக்குக் களையெடுக்கப் போகிற அவசரம். பிள்ளைக்கோ முந்தானையை விட மனசில்லை. நல்ல டீச்சர் "அழாதே" என்று சொல்வதேயில்லை. பக்கத்தில் குத்தவைத்து, "அம்மா போகுதுன்னு கோவமா? சோறு தின்னு தூங்கி எந்திரி, வந்துரும்" என்பார். பிறகு, மூடிய புளியங்கொட்டை டப்பாவை மெல்லக் குலுக்குவார். கலகல. விம்மலுக்கு நடுவிலேயே பிள்ளை காது கொடுக்கும். மூக்கைத் துடைப்பது அப்புறம்தான். அந்த வரிசையில் இருக்கிறது கைப்பக்குவம்.

உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் 1950களில் உகாண்டாவில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பார்த்தது இதைத்தான்: தாய் விலகினால் பிள்ளை என்ன செய்கிறது, திரும்பினால் என்ன செய்கிறது? அழுகையைவிட, தாய் திரும்பி வருகிற கணம்தான் அதிகம் சொல்லும் என்று பின்னாளில் பால்டிமோரில் கண்டுகொண்டார். ஆராய்ச்சி என்றால் அட்டவணைதான் என்று நினைத்திருந்தேன். அதற்கடியில் இருப்பது சும்மா உட்கார்ந்து பார்க்கிற பொறுமை. பால்வாடியிலும் அந்தக் கணம் வரும்: மூன்றரை மணிக்கு வாசலில் அம்மா தெரிந்ததும் பிள்ளை ஓடுகிறது, முழங்காலைக் கட்டிக்கொள்கிறது, மறு நிமிஷம் புளியங்கொட்டை டப்பாவுக்கே திரும்பிவிடுகிறது.