சிறகை மட்டும் தீட்டினால் போதுமா?

கிரேக்க மொழியிலே உயிருக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரே சொல்: 'சைக்கீ'. அதனாலேயே, உடலை விட்டு உயிர் பறந்தது எனக் காட்ட விரும்பிய ஐரோப்பியக் கலைஞர் பலர், ஓர் இணைச் சிறகைத் தீட்டி அமைந்தனர். மாற்றத்தின் சின்னமாம் அது! எதிலிருந்து மாறிற்று? எதைத் தின்று மாறிற்று? எத்தனை நாள் இருளிற் கிடந்து மாறிற்று? சிறகைக் காட்டினர்; புழுவை மறைத்தனர்.

அம்மறைப்பை நீக்கியோருள் தலையாயவர் ஒரு பெண்மணி. மரியா சிபில்லா மெரியன், 1647-இல் செர்மனியின் பிராங்க்பர்ட் நகரிற் பிறந்தவர். புழுக்கள் சேற்றிலும் அழுகலிலும் தாமே தோன்றுவன எனக் கற்றோரிற் பலரும் நம்பிய காலம். பதின்மூன்று வயதிலேயே அவர் பட்டுப்புழுவை வளர்த்துப் பார்த்தார். பார்த்ததைக் குறித்தார், குறித்ததை வரைந்தார். 1699-இல், தம் 52-ஆம் வயதில், ஓவியங்களை விற்றுப் பொருள் திரட்டி, இளைய மகளுடன் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். நோயுற்று 1701-இல் திரும்பினார். 1705-இல் ஆம்சுடர்டாமில் வெளிவந்த அவரது நூலில் 60 படங்கள்.

அப்படங்களில் நாம் காண்பதென்ன? ஒரே செடியில் புழு, கூடு, பூச்சி மூன்றும் உள்ளன. புழு கடித்த இலையின் ஓட்டையும் உள்ளது. சிலவிடங்களில் புழுவுக்குரிய பூச்சி மாறிப்போனதுண்டு. ஆயினும், மாற்றம் மாயமன்று, அதற்குக் காரணமும் உணவும் காலமும் உண்டு என்பதைத் தூரிகையால் மெய்ப்பித்தார்.

ஆனால், பாராட்டோடு நாம் நின்றுவிட இயலவில்லை. 45-ஆம் படத்தைப் பாருங்கள். நாம் மயில்கொன்றை என்றழைக்கும் செடி. அதன்மேல் புழுவும் பூச்சியும். அதன் விதையை உண்டு அடிமைப் பெண்கள் கருவைக் கலைத்தனர், தம் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாதென்று! அவர்கள் வாய்மொழியாகவே கேட்டதாக மெரியன் எழுதியுள்ளார். காட்டில் அவருக்கு வழிவெட்டியோரும் அடிமைகளே.

எழுத்தில் இடம்பெற்ற அப்பெண்கள் ஓவியத்தில் இல்லை. புழுவை மறைத்தோரைத் திருத்திய கை, மனிதரைத் தீட்டாது விட்டது. புழு சிறகு பெறச் சில வாரங்கள் போதும். சூரினாம் அடிமைகளின் விலங்கைச் சட்டம் நீக்கியதோ 1863-இல்தான். அதுவும் தானாக முதிர்ந்த கூடன்று. மனிதர் போராடி உடைத்த கூடு.

வண்ணத்துப்பூச்சியை வரையும் கலைஞரை நாம் கேட்பது இதுவே: சிறகைத் தீட்டுக, அழகுதான், கடிபட்ட இலையையும் தீட்டுக, இலையருகே நின்றவரையும் மறவாது தீட்டுக.