படியெடுத்தலும் கல்வியே

பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைதல் அடிமைத் தொழில் என்பர் சிலர். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் அவ்வாறு கருதினாரல்லர். 1821-இல் 'வைக்கோல் வண்டி' என்னும் பெரும் படைப்பை அளித்த அவரே, 1823-இல், தம் 47-ஆம் வயதில், சர் ஜார்ஜ் பியூமாண்ட் இல்லத்தில் மாணவர்போல் அமர்ந்து, கிளாட் லொரேனின் 'ஆட்டிடையனும் ஆடுகளும்' ஓவியத்தைப் படியெடுத்தார். மூலம் இன்று இலண்டனிலும், அவர் எடுத்த படி சிட்னியிலும் உள்ளன.

அவ்வோவியத்தில் ஓங்கி நிற்பவை மரங்களே. இடையனும் ஆடுகளும் மிகச் சிறிய உருவங்கள். எனினும் அவற்றை நீக்கின் மரங்களின் உயரம் புலப்படுமா? காட்டின் அமைதிதான் நிலைக்குமா? உருவங்கள் அங்கே ஒட்டுவேலையல்ல, காட்சியின் அளவுகோல். இந்நுட்பத்தைக் கண்ணுக்குக் கற்பிப்பதே படியெடுத்தலின் பயன்.

கோடு ஒத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஆசிரியர் பாதி வழியில் நின்றுவிடுகிறார். "ஆடு ஏன் அங்கே நிற்கிறது?" என்று வினவுபவரே ஓவியம் கற்பிப்பவர்.