பொதுவெளிக் கலையும் மீனவ இளைஞர்களும்: பழவேற்காட்டை முன்வைத்து

பொதுவெளிக் கலை என்பது காட்சிக்கூடத்துக்கும் சபா அரங்குக்கும் வெளியே, தெரு, சுவர், கடற்கரை, கோயில் திடல் போன்ற இடங்களில் உருவாகும் கலை. ஓர் ஊரின் மக்களும், குறிப்பாக வேலையின்றிப் பொழுதைக் கழிக்கும் இளைஞர்களும், அதன் ஆக்கத்தில் சேரும்போது அது பங்கேற்புக் கலை எனப்படுகிறது. தமிழகத்தில் இவ்வகை முயற்சிகள் கடந்த பத்தாண்டுகளில் பெருகியுள்ளன. அவற்றுள் கடற்கரை மக்களோடு தொடர்புடைய இரண்டை, பழவேற்காட்டு மீனவ ஊர்களின் நிலையிலிருந்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பழவேற்காட்டின் நிலை

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில் அமைகிறது. 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களின் தலைமையிடம் இதுவே. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூட்டு உருவங்களையும், குளிர்காலத்தில் வரும் பூநாரைகளையும் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் வருகின்றனர். அவர்கள் எடுக்கும் படங்களில் மீனவர் பின்னணியாகவே நிற்கிறார்.

அந்தப் பின்னணியில் உள்ளவர்களின் வாழ்க்கை நெருக்கடியில் இருக்கிறது. ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடும்போது கடல்நீர் வரத்து குறைகிறது. அதோடு மீனும் இறாலும் குறைகின்றன. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தை இவ்வூர்கள் தொடர்ந்து எதிர்த்து வருகின்றன. அப்பனின் தொழில் நிலைக்குமா என்பது தெரியாது. ஆலைகளிலும் துறைமுகத்திலும் நிரந்தர வேலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இந்த இடைவெளியில் நிற்கும் இளைஞனைத்தான் வெளியிலிருந்து வருபவர்கள் ‘சும்மா இருப்பவன்’ என்கிறார்கள். அவனது சலிப்பைப் பொழுதுபோக்கின் குறையாக மட்டும் புரிந்துகொள்ளும் கலைத் திட்டம் முதல் அடியிலேயே தவறுகிறது.

ஊரூர் ஆல்காட் குப்பம் விழா

சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பத்தில் 2015-இல் இவ்விழா தொடங்கியது. கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் ஆகியோர் ஊர் மக்களுடன் சேர்ந்து இதை முன்னெடுத்தனர். சபாவுக்குள் இருந்த இசையும் பறையாட்டமும் ஒரே மேடையைப் பகிர்ந்தன. பின்னர் இது சென்னைக் கலைத் தெருவிழா என்ற பெயரில் விரிந்தது.

இவ்விழாவின் வலிமை, விருந்தோம்புபவர் யார் என்பதை மாற்றியதில் உள்ளது. பக்கத்திலேயே வாழ்ந்தும் குப்பத்துக்குள் காலெடுத்து வைக்காத நகரத்தார் அங்கே விருந்தினராக வந்தனர். ஆனால் மேடை விழாவுக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. அது சில மாலைகளில் முடிந்துவிடுகிறது. பார்வையாளரின் மனத்தடையை அது எவ்வளவு அசைக்கிறதோ, அந்த அளவுக்கு ஊர் இளைஞனின் கையில் ஒரு தொழில்திறனை அது விட்டுச்செல்வதில்லை.

இதே அணியினரின் சூழலில் பிறந்த ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ 2017 சனவரியில் வெளியானது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடி, ரதீந்திரன் பிரசாத் இயக்கிய இக்காணொளி எண்ணூரில் படமாக்கப்பட்டது. எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காடும் நீர்வழியால் இணைந்தவை. எனவே அது பழவேற்காட்டின் பாடலுமாகும். வசைச்சொல்லாகிவிட்ட ‘பொறம்போக்கு’ என்பதைப் பொதுநிலம் என்ற பழைய பொருளுக்கு அது மீட்டது. அழகுபடுத்தலைக் கடந்து ஒரு வாதத்தை முன்வைத்ததால், விழாவைவிட அதன் தாக்கம் நீண்டது.

கண்ணகி நகர்ச் சுவர்கள்

கண்ணகி நகர், சென்னையின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடிசை மாற்று வாரியம் குடியமர்த்திய இடம். ஆழிப்பேரலையால் வீடிழந்த கடலோரக் குடும்பங்களும் இங்கே கொண்டுவரப்பட்டன. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, சென்னை மாநகராட்சி, ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டில் குடியிருப்புகளின் பக்கச்சுவர்களில் பெரும் ஓவியங்கள் வரையப்பட்டன.

முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்பட்ட ஒரு பகுதிக்கு, பெருமையோடு காட்டத்தக்க ஓர் அடையாளம் கிடைத்தது என்பது சிறிய செய்தியல்ல. எனினும் சுவர்களை வரைந்தவர்கள் பெரும்பாலும் அழைக்கப்பட்ட ஓவியர்கள். சுவருக்குப் பின்னால் வாழ்பவர்களின் முகங்கள் ஓவியத்தில் உண்டு. அவர்கள் ஏன் கடலையும் தொழிலையும் விட்டு இங்கே வந்தார்கள் என்ற கதை அதே அளவுக்கு இல்லை. இடப்பெயர்வின் காரணம் பேசப்படாதபோது, வண்ணம் அந்தக் காரணத்தை மறைக்கும் பூச்சாகவும் ஆகிவிடலாம்.

ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் ஜூடித் பாக்கா வழிநடத்திய லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவர் 1976-இல் தொடங்கியது. வெள்ளக்கால்வாய் ஒன்றின் காங்கிரீட் சுவரில் சுமார் 840 மீட்டர் நீளத்துக்குப் பல கோடைக்காலங்களில் அது வரையப்பட்டது. பணியாற்றிய நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களில் பலர் காவல் வழக்குகளில் சிக்கியவர்கள். அவர்களுக்கு ஊதியம் தரப்பட்டது. வரலாற்றாசிரியர்களிடமும் முதியவர்களிடமும் கேட்டு, பாடநூல்களில் இல்லாத தம் மக்களின் வரலாற்றையே அவர்கள் வரைந்தனர். ஊதியம், காலம், சொந்த வரலாறு ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன. தமிழக முயற்சிகளில் இவை அரிதாகவே ஒன்றாகச் சேர்கின்றன.

இன்னொரு பக்கமும் உண்டு. கலை விமர்சகர் கிளேர் பிஷப் 2012-இல் வெளியிட்ட நூலில், பங்கேற்புக் கலையை அதன் நல்லெண்ணத்தால் மட்டுமே அளப்பதைக் கேள்விக்குள்ளாக்கினார். மக்கள் சேர்ந்து செய்தார்கள் என்பதாலேயே ஒரு படைப்பு நல்ல படைப்பாகிவிடாது. மீனவர் ஊர் என்றாலே படகு, வலை, மீன் என வரைந்துவைப்பது, எத்தனை பேர் தூரிகை பிடித்தாலும், சலித்துப்போன கற்பனைதான்.

பாடு முறை தரும் பாடம்

பழவேற்காட்டில் பங்கேற்பைப் பற்றிச் சிந்திக்க வெளிநாட்டுக் கோட்பாடு மட்டும் தேவையில்லை. பட்டினவர் ஊர்களில் ‘பாடு’ என்ற முறை வழங்குகிறது. ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை ஊரில் உரிமையுள்ளவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாமல் சுழல்கிறது. பொதுச் சொத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு இது தெளிந்த ஏற்பாடு. ஒரு பொதுச்சுவரையும் இப்படி ஆண்டுதோறும் கைமாறும் ‘பாடாக’ நினைக்கலாம். அப்போது மங்கிய ஓவியம் புறக்கணிப்பின் சின்னமாக நிற்காது. அடுத்த அணியின் முறை வந்துவிட்டது என்பதையே அது உணர்த்தும்.

ஆனால் இம்முறைக்குள் எல்லாரும் இல்லை. உரிமை குறிப்பிட்ட சாதியின் ஆண்களோடு நின்றுவிடுகிறது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும், தலித் மீனவர்களும், மீன் விற்கும் பெண்களும் அதற்கு வெளியே இருக்கிறார்கள். இது மோதல்களுக்கும் காரணமாகியிருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தின் ஒப்புதல் கிடைத்தால் ‘ஊர் மக்கள்’ அனைவரின் ஒப்புதலும் கிடைத்ததாக வெளியிலிருந்து வரும் கலைஞர் எண்ணுவது எளிது. ‘சமூகம்’ என்ற சொல் இந்தப் பிளவை மூடிவிடுகிறது. இளைஞர் என்றதும் பையன்களை மட்டும் கூட்டும் திட்டம், உள்ள ஏற்றத்தாழ்வையே வண்ணத்தில் மறுபடி வரைகிறது.

மதிப்பீடு

விழா, கலையின் பார்வையாளரை மாற்றியது. பாடல், ஒரு சொல்லின் பொருளை மாற்றியது. கண்ணகி நகர்ச் சுவர்கள், ஓரிடத்தின் தோற்றத்தை மாற்றின. மூன்றும் மதிக்கத்தக்கவை. ஆயினும் இளைஞனின் நிலை மாறியதா என்ற கேள்விக்கு இவை முழு விடை தரவில்லை. பழவேற்காடு போன்ற ஊரில் கலைத்திட்டம் ஒன்றை மதிப்பிட விரும்புவோர் திறப்பு விழாப் படங்களைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. வரைந்தவருக்குக் கூலி கிடைத்ததா, இருளர் குடியிருப்பிலிருந்து யாராவது வந்தார்களா, முகத்துவாரத்தையும் துறைமுகத்தையும் பற்றிச் சுவர் ஏதேனும் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்புக்காற்று இரண்டொரு ஆண்டுகளில் எந்த வண்ணத்தையும் உரித்துவிடும். அப்போது அதை மறுபடி வரைய யார் தாமாக முன்வருகிறார்கள் என்பதே அந்தக் கலை ஊருடையதா என்பதற்கான சான்று.